இறங்காத மூடி

கிழங்கு வரத்து நின்று இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளில் பெரிய தொட்டியின் இரும்பு மூடி அடியோடு இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். அது இறங்கவில்லை.

மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுக்கும் ஆலை அது. கிழங்குத் தோல், பிழிந்த சக்கை, புளித்த கழுநீர் எல்லாம் ஒரு காலத்தில் பின்பக்க ஓடையில் இறங்கி, நான்கு தெருவுக்கு மூக்கைப் பிடிக்கவைத்துக்கொண்டிருந்தன. பிறகு ஆலைக்காரர்கள் கிணறு போல ஒரு தொட்டி கட்டினார்கள். கழிவையெல்லாம் அதில் விட்டு, புளிக்கவைத்து, கிளம்பிவரும் கேஸைப் பிடித்துக் கொதிகலனில் எரித்தார்கள். மிஞ்சியது பின்னால் இருந்த பன்னிரண்டு குடியிருப்புகளின் அடுப்புக்குப் போனது. தொட்டியின் வாயில், கவிழ்த்த டம்ளர் போல ஒரு இரும்பு மூடி மிதந்தது. உள்ளே கேஸ் சேர்ந்தால் எழும்பும், செலவானால் இறங்கும். எவ்வளவு என்று தெரிய, பக்கத்துக் கம்பத்தில் ஒன்று முதல் பத்து வரை சிவப்புக் கோடுகள் போட்டிருந்தார்கள்.

மூடி நாலாம் கோட்டில் நின்றது. பன்னிரண்டு நாளாக அங்கேயே நின்றது.

இதை முதலில் கவனித்தவள் அவள்தான். தொட்டியிலிருந்து தினம் இரண்டு வேளை ஒரு பாட்டில் கரைசல் எடுத்து, ஆய்வறையில் வைத்துப் புளிப்பு எவ்வளவு என்று அளந்து எழுதுவது அவள் வேலை. புளிப்பு அளவுக்கு மீறி ஏறினால் உள்ளே கேஸ் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்துப்போகும். அதற்குப் பிறகு அது வெறும் சாக்கடைக் கிணறுதான். அதனால் ஆலையில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் புளிப்பக்கா. அந்தப் பெயரை வைத்தது, அப்போது தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த கேஸ்காரர். பெயர் வைத்த கையோடு அவளையே கட்டிக்கொண்டார். "பேருதான் புளிப்பு, ஆளு அப்படியில்ல" என்று கல்யாணத்தன்று எல்லார் எதிரிலும் சொல்லி அவள் மானத்தை வாங்கினார்.

அந்தக் கேஸ்காரர் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. செத்தது அந்தத் தொட்டியின் வாசலில், கழிவைக் கலக்கி உள்ளே விடும் குழியில்.

"அது எறங்காதுக்கா," என்றார் வாட்ச்மேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டருகே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு காவல் காப்பவர் அவர். யாராவது கேட்டால், "தூங்கலையே, காதால பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார். "நான் சொன்னா சிரிப்பீங்க. அது மூச்சு விடுது. வெயில் ஏறினா ஒரு விரக்கடை ஏறுது, சாயந்திரம் எறங்குது. நெஞ்சு மாதிரி."

"வெயில்ல கேஸ் விரியும், குளிர்ந்தா சுருங்கும். அதுக்குப் பேரு மூச்சா?"

"சரி, அது விரியட்டும் சுருங்கட்டும். சாப்பாடே போடாம எப்படிக்கா உசிரோட இருக்கு?"

அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஆய்வறை ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு புளிப்பு மீட்டர், கழுவும் தொட்டி, ஜன்னல். கேஸ் குழாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் போனது. குழாயின் வளைவில் தண்ணீர் கோத்துக்கொண்டால் அது களக் களக் என்று சத்தம் போடும். யாரோ பேசுவதற்கு முன் தொண்டையைச் சரிசெய்துகொள்வதைப் போல இருக்கும். அவர் அப்படித்தான் செய்வார். வாசலில் நின்று ஒரு முறை செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். இந்தப் பதினான்கு மாதத்தில் அவள் எத்தனையோ முறை அந்த வளைவைத் திறந்து தண்ணீரை வடித்திருக்கிறாள். வடித்த மறுநாளே சத்தம் வந்தால் திரும்பி வாசலைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்படுவாள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம்.

குடியிருப்பில் ஆறாம் எண் வீடு. அதில் அவளும் நாத்தனாரும் மட்டும் இருந்தார்கள். நாத்தனாருக்கு முப்பத்திரண்டு வயது. அண்ணன் வாயில் பாப்பா என்று வந்ததால் இன்றும் ஊருக்கே பாப்பா. வீட்டிலிருந்தபடி துணி தைப்பாள். அண்ணன் போன பிறகு தையல் மெஷினை ஜன்னலருகிலிருந்து தூக்கிச் சமையலறையில் போட்டுக்கொண்டாள். கேட்டதற்கு, "இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள். அந்தச் சமையலறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும்.

காரணம் அடுப்பு. பாப்பா அடுப்போடு பேசினாள்.

முதலில் அது யாருக்கும் தெரியாது. ஒரு நாள் அவள் ஆலையிலிருந்து மதியம் வீட்டுக்கு வந்தபோது, உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு விருந்தாளி யாரோ என்று நினைத்தாள். அடுப்பில் பாத்திரம் இல்லை. சின்னதாக நீல ஜ்வாலை மட்டும் எரிந்தது. பாப்பா பட்டன் தைத்தபடி, பக்கத்து வீட்டில் குழாய் உடைந்த கதையை அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜ்வாலை நடுங்கியபோது கைகொட்டிச் சிரித்தாள்.

"பாத்தீங்களா அண்ணி? குழாய்னா அண்ணனுக்குச் சிரிப்புதான்."

"அது அழுத்தம் கூடிக் குறையறதும்மா," என்றாள் அவள்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பேரு இருக்கு," என்று பாப்பா ஊசியில் நூல் கோத்தாள்.

அதோடு அவள் விட்டுவிட்டாள். பாப்பாவைப் பித்துப் பிடித்தவள் என்று ஊர் சொல்லிவிடுமோ என்று பயந்து, அந்த நேரத்தில் கதவைச் சாத்திவைப்பாள். பாப்பா சமைத்தாள், சாப்பிட்டாள், தைத்தாள், கணக்காக நடந்துகொண்டாள். அடுப்பு ஒன்றுதான் அவளிடம் கோணல். யாரிடம் கோணல் இல்லை? தன்னிடமும் ஒன்று இருந்தது. அதை அவள் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

இருபத்தேழாம் நாள் மானேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"தொட்டியத் தொறந்து தூர் வாரணும். கட்டினதுலேர்ந்து அடியில மண்ணும் நாரும் இறுகிக் கெடக்கு. அடுத்த கிழங்கு வர்றதுக்குள்ள முடிக்கணும். மூடி எப்ப எறங்கும்?"

"இந்நேரம் எறங்கியிருக்கணும் சார்."

"எறங்கலையே."

"எறங்கலை."

பக்கத்தில் நின்ற ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். அவர் அவள் கணவரின் கூட்டாளி. அவர் செத்த அன்று குழியிலிருந்து கொக்கி போட்டு வெளியே இழுத்ததும் இவர்தான். அந்தக் குழி இருக்கும் பக்கமே அதற்குப் பிறகு அவர் போவதில்லை. யாருமே போவதில்லை. குழியின் மேல் தகரத்தைப் போட்டு மூடி, நான்கு கல்லைத் தூக்கி வைத்துவிட்டார்கள். "கேஸோட மூடியைத் தூக்க முடியாது சார்," என்றார் ஃபிட்டர். "ஒரு பொறி பட்டாப் போதும்."

"திறந்து விட்டுடலாமே காத்துல?"

"விடலாம். ஆனா உள்ள ஏன் ஊறுதுன்னு தெரியாம ஆளை எறக்கக் கூடாது," என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மானேஜர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் யாருடைய மனைவி என்பது நினைவுக்கு வந்தவராய், "ஒரு வாரம் பாருங்க" என்று முடித்துக்கொண்டார்.

அன்று காலைப் பாட்டிலை அவள் மூன்று முறை அளந்தாள். பட்டினி கிடக்கும் தொட்டியில் புளிப்பு இறங்கிக்கொண்டே போகும். இதில் இரண்டு புள்ளி ஏறியிருந்தது. புதிதாக வாங்கிய கரைசலில் மீட்டரை நனைத்துச் சரிபார்த்தாள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் அவள் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பாள். இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை. அளவு மாறவில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் தொட்டியின் அளவு அது.

படித்தவள், பதினோரு வருஷம் இந்தத் தொட்டியின் நாடி பார்த்தவள். ஆனாலும் அந்த எண்ணை எழுதிவிட்டு மறுபடி வாசித்தாள். சுவரோரம் குழாய் செருமியது. அவள் வாசலைப் பார்க்கவில்லை. பாட்டிலை அப்படியே வைத்துவிட்டுக் குழியை நோக்கி நடந்தாள்.

பகல் இரண்டு மணி. வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. வாட்ச்மேன் நாற்காலியில் காதால் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிக்கும் கொட்டகை, அரவை மெஷின், காயவைக்கும் களம் எல்லாம் ஆளில்லாமல் கிடந்தன. கொட்டகை மூலையில் மாட்டுத் தீவனத்துக்குப் போக வேண்டிய காய்ந்த சக்கை குவிந்திருந்தது. குவியலின் ஒரு பக்கம் குடைந்திருந்தது. குடைந்த இடத்திலிருந்து வெள்ளைத் தூள் கோடாகச் சிந்திக்கொண்டே போயிருந்தது. அவள் அந்தக் கோட்டைத் தொடர்ந்தாள்.

குழியின் மேலிருந்த தகரம் பாதி விலகியிருந்தது. விளிம்பில் மண்டிபோட்டு, இடுப்பு வரை உள்ளே குனிந்து, பாப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாள் என்று ஏதோ ஒரு புத்தி சொன்னது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். வாளி குழிக்குள் உருண்டு டமடமவென்று சத்தம் போட்டது.

"என்னடி பண்றே? என்ன பண்றே நீ இங்க?"

பாப்பா மூச்சு வாங்கினாள். கையெல்லாம் ஊறிய சக்கை. முகத்தில் குற்றமே இல்லை. சொல்லாமல் செய்த ஒரு நல்ல காரியத்தில் அகப்பட்டுக்கொண்டவளின் கூச்சம்தான் இருந்தது.

"தெனம் நாலு வாளிதான் அண்ணி. ஊறவெச்சுக் கொட்டறேன். மொத நாளு அடுப்பு படபடன்னு அணையப் பாத்துச்சு. கெழங்கு நின்னு போச்சுல்ல. அவனுக்குப் பசிக்கும்ல?"

அவள் வாயைத் திறந்தாள். அறிவியல் எல்லாம் வாய்வரை வந்தது. வெளியே வந்தது வேறு. பாப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கி, அழுதாள். பதினான்கு மாதத்தில் யார் பார்க்கவும் அழாதவள், நடு வெயிலில் தரையில் உட்கார்ந்து, மூக்கொழுக அழுதாள். "நீயும் போயிருந்தா? நீயும் உள்ள போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

வீட்டுக்குக் கூட்டிவந்து கையைக் கழுவிவிட்டாள். பிறகு எதிரில் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இனிமே போடக் கூடாது பாப்பா. தொட்டி காலியாகணும். ஆளுங்க எறங்கப்போறாங்க. உள்ள கேஸ் இருந்தா அவங்க வீட்டிலயும் இப்படி ரெண்டு பேரு உக்காந்திருப்பாங்க."

பாப்பா அடுப்பைப் பார்த்தாள். "அணைஞ்சுடுமா?"

"அணைஞ்சுடும்."

"எத்தன நாளு?"

"அஞ்சாறு நாளு."

அந்த ஆறு நாள் அந்த வீட்டில் யாரோ சாகக் கிடப்பதைப் போல இருந்தது. பாப்பா தைக்கவில்லை. ஜ்வாலை ஒவ்வொரு நாளும் குட்டையானது. நீலம் வெளிறி, நுனி மஞ்சளாகி, பர்னரின் துளைகளில் பாதிதான் எரிந்தது. கம்பத்தில் மூடி நாலிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று இறங்கியது. வாட்ச்மேன் அதைப் பார்த்து, "விட்டுட்டுப் போறாரு" என்று தொப்பியைக் கழற்றினார். வளைவில் தண்ணீர் சத்தமும் நின்றுபோனது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆய்வறையில் நிசப்தம் வந்தபோது, தான் இத்தனை நாளும் எதைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குப் புரிந்தது. பாப்பாவைக் கோணல் என்று நினைத்தவளுக்குத் தன் கோணலின் ஆழம் அதுவரை கண்ணில் படவில்லை.

ஐந்தாம் நாள், விரல்நகம் அளவுக்கு எரிந்த ஜ்வாலையின் முன்னால் அவள் வாய் தானாகத் திறந்தது.

"அன்னிக்கு அவர நான்தான் அவசரப்படுத்தினேன்."

பாப்பா திரும்பினாள்.

"கலக்கற மெஷின்ல கயிறு சுத்திக்கிச்சு. ஃபிட்டர் சாப்பிடப் போயிருந்தாரு. வரட்டும்னு இவரு உக்காந்திருந்தாரு. நான் போயி, தொட்டி புளிச்சுப்போச்சு, மெஷின் இப்பவே ஓடலைன்னா செத்துடும், ஃபிட்டர் சாப்பிட்டு ஏப்பம் விட்டு வர்றவரைக்கும் அது காத்துக்கிட்டிருக்குமான்னு கேட்டேன். அப்படியே கேட்டேன். அவரு என்னையப் பாத்துச் சிரிச்சிட்டு ஏணில கால வெச்சாரு. நான் திரும்பி நடந்துட்டேன். முழங்கால் அளவு கழிவுதான். குனிஞ்சு கயித்த அறுத்திருக்காரு. அந்த வெஷக் காத்துல ரெண்டு மூச்சுதான் இழுத்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு."

பாப்பா எழுந்து, தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். மறுநாள் அடுப்பு அணைந்தபோது அதன் அருகில் இருந்தது அவள் மட்டும்தான். கடைசி நீலம் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குத் தாவியது, நின்றது, இல்லாமல் போனது. அவள் குழாயைத் திருகி மூடினாள். முன்னறையில் தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பாப்பா அதைத் தானே நகர்த்திக்கொண்டு போயிருந்தாள்.

அதற்குப் பிறகு பாப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்தாள், எதிரில் உட்காரவில்லை.

தூர் வாரும் வேலை ஒன்பது நாள் நடந்தது. கிரேன் வந்து மூடியைத் தூக்கிப் பக்கத்தில் சாய்த்தது. பம்ப் வைத்துக் கரைசலை உறிஞ்சினார்கள். இரண்டு பகல் முழுதும் காற்றூதி ஓடியது. அவள் கேஸ் அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மணிக்கு ஒரு முறை இறக்கி ஏற்றினாள். முகமூடி, இடுப்புக் கச்சை, மேலே கயிற்றைப் பிடிக்க இரண்டு ஆள் இல்லாமல் யாரும் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்றாள். "அக்கா, இப்படிப் பண்ணினா அடுத்த வருஷம்தான் முடியும்" என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவன் ஏறி வரும்போதும் தலையை எண்ணினாள். அடியிலிருந்து வந்தது கருத்த சேறு, மணல், மட்காத நார், ஒரு ரப்பர் செருப்பு. செருப்பைப் பார்த்ததும் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அது கட்டுமான ஆள் யாரோ விட்டது, பன்னிரண்டு வருஷத்துப் பழசு. அவர் பூட்ஸ் போட்டிருந்தார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் காலை, தொட்டி கழுவித் துடைத்துக் கிடந்தது. சுவரில் விரிசல் இருக்கிறதா, உள்ளே வரும் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டியது அவள் பொறுப்பு. கச்சையைக் கட்டிக்கொண்டாள். ஃபிட்டர் தானே வந்து கயிற்றைப் பிடித்தார். "மீட்டர் நல்லாத்தான் காட்டுது. ஆனாலும் பத்து நிமிஷம்தான்," என்றார். "அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட விட மாட்டேன்."

ஏணி இருபத்திரண்டு படி. இறங்க இறங்க வெளிச்சம் தலைக்கு மேல் வட்டமாகச் சுருங்கியது. அடியில் குளிர். கழுவிய பிறகும் சுவரில் அந்தப் புளித்த வாடை ஊறியிருந்தது. அவரும் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இந்த வாடைதான் வீசும். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது. அவள் டார்ச்சை அடித்துச் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். விரிசல் இல்லை. கடைசியாகக் குழாய். கலக்கும் குழியின் அடியிலிருந்து சரிவாக இறங்கி, இங்கே முழங்கால் உயரத்தில் வாய் திறந்திருந்தது. ஒரு ஆள் தலை நுழையும் அகலம். அதன் மறுமுனையில்தான் அவர் விழுந்து கிடந்தார்.

அவள் முகமூடியை முகத்திலிருந்து கொஞ்சம் விலக்கினாள். குழாய்க்குள்ளிருந்து காற்று வந்தது. ஊ என்று மெல்ல முனகியது. அடைப்பில்லை என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான், அவ்வளவுதான் வேலை. அவள் குனிந்தாள். குனிந்தவள் மண்டிபோட்டாள்.

"என்னங்க," என்றாள்.

ங்க என்று குழாய் திருப்பிச் சொன்னது.

"உங்க தங்கச்சிகிட்டப் பாதிதான் சொன்னேன். மீதிய உங்ககிட்டச் சொல்றேன். அன்னிக்குத் தொட்டி புளிக்கவே இல்லீங்க. மூணு நாளு கழிச்சுத்தான் பாத்தேன். மீட்டரச் சரிபாக்க நனைக்கற கரைசல் பழசு, அதான் தப்பாக் காட்டுச்சு. தேதி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. நான் கவனிக்கல. தொட்டிக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா எறங்கிட்டீங்க. சும்மா. அதக் கழுவற தொட்டியில ஊத்திட்டு, அந்தப் பாட்டில ஒடச்சுப் போட்டுட்டேன். விசாரணைக்கு வந்தவங்க, தானா எறங்கினாராமேன்னு கேட்டாங்க. நான் தலைய ஆட்டினேன்."

காற்று நின்றது.

நின்ற இடத்தில் இன்னொன்று கேட்டது. யாரோ மூச்சு விடும் சத்தம். குழாயின் ஆழத்திலிருந்து, உள்ளே இழுத்து, நடுங்கி, வெளியே விட்ட மூச்சு. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயம் என்று சொல்ல முடியாது. போய்விடலாம் என்று தோன்றவில்லை. அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது, அதுதான் பயங்கரம். நெற்றியைக் குழாய் விளிம்பில் வைத்துக்கொண்டாள். மேலே ஃபிட்டர் கயிற்றை இழுத்துக் காட்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை. அவள் அசையவில்லை.

"அண்ணி," என்றது குழாய்.

அவள் தலையைத் தூக்கினாள்.

"அண்ணி, மேல வாங்க. அங்க நிக்காதீங்க. மேல வாங்க."

அது பாப்பாவின் குரல். எப்போது வந்தாளோ, குழியின் தகரத்தை விலக்கி, அந்த முனையில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஏணிப் படிகளில் கால் எப்படிப் பொருந்தியதோ, அவளுக்கு நினைவில்லை. பாதி தூரம் ஃபிட்டர்தான் இழுத்தார்.

வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள். பாப்பா ஓடிவரவில்லை. நடந்துதான் வந்தாள். கையில் தண்ணீர்ச் செம்பு. அதை நீட்டாமல் அவள் தலையில் அப்படியே கவிழ்த்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள் அவள், தண்ணீர் வழிய.

"கேட்டுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்." பாப்பாவின் உதடு கோணியது, ஆனால் குரல் உடையவில்லை. "அண்ணன் ஒரு மடையன், தானா எறங்கிச் செத்தான்னு பதினாலு மாசமா இந்த ஊரு பேசுது. வாட்ச்மேன்லேர்ந்து பேசுது. நானும் அவன்கிட்ட தெனம் அதத்தான் கேப்பேன், ஏண்டா அறிவில்லாம எறங்கினேன்னு. நீங்க பக்கத்து ரூம்ல படுத்துக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எழுதிக் குடுங்க," என்றாள் பாப்பா. "மானேஜர்கிட்ட. அவனா எறங்கலன்னு. நீங்க சொல்லி எறங்கினான்னு. அந்தப் பாட்டிலயும் சேத்து எழுதுங்க."

"எழுதறேன்."

"மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. மேல வந்தீங்கள்ல, அதுக்கு மட்டும் சந்தோஷம்."

அன்று மத்தியானமே எழுதினாள். ஒன்றரைப் பக்கம். மானேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத எதுக்கும்மா இப்ப தோண்டறீங்க? எல்லாம் ஆறி அடங்கியாச்சு. உங்களுக்குத்தான் கஷ்டம்." காகிதத்தை அவள் பக்கமே தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். அது மேலிடத்துக்குப் போனது. மூன்று வாரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு இரண்டு உத்தரவு வந்தன. ஒன்று, ஆய்வறைக்கு வேறொருவர் வருகிறார், அவள் மாவு மூட்டை தைக்கும் பகுதிக்குப் போக வேண்டும். இரண்டாவது, பழைய விசாரணைக் காகிதத்தில் 'தானாக' என்ற சொல்லை அடித்துத் திருத்துகிறார்கள். குழியின் மேல் நிலையான இரும்புக் கம்பி வலை போடுகிறார்கள்.

முதல் உத்தரவை வாசித்தபோது அவளுக்கு வலித்தது. பதினோரு வருஷம். ஆனால் தண்டனை என்று வரும்போது இது எந்த மூலைக்கு என்றும் தோன்றியது. மூட்டைப் பகுதியில் இருந்த பெண்கள் முதல் நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தி, "புளிப்பக்கா, நூல அப்படி இழுக்காதீங்க, அறுந்துடும்" என்றாள். அவ்வளவுதான்.

கம்பி வலையை ஃபிட்டரே வெல்டிங் செய்தார். இரண்டு நாள் பொறி பறந்தது. பழைய ஏணியை அறுத்தெடுத்து இரும்புக் குப்பையில் போட்டார். புதிதாக வைத்த கலக்கும் மெஷினில் கயிறு சிக்கினால் மேலிருந்தே தூக்கிவிடலாம், யாரும் இறங்க வேண்டியதில்லை.

முதல் கிழங்கு லாரி கேட்டுக்குள் வந்த அன்று, வேலை முடிகிற நேரத்தில் பாப்பா ஆலைக்கு வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் குழிக்குப் போனாள். புதுப் பெயின்ட் இன்னும் கையில் ஒட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு வலையின் நடுவில் ஏறி நின்றாள். மூட்டைப் பகுதியின் வாசலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

பாப்பா கீழே, கம்பிகளுக்கு நடுவில் தெரிந்த இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன சொன்னாளோ, உதடு அசைந்தது. பிறகு பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வலை ணங்கென்றது. இன்னொரு தடவை, முழு உடம்பின் கனத்தோடு, குதித்தாள்.

"தாங்குது," என்று பக்கத்தில் வெல்டிங் சாமானை எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஃபிட்டரிடம் சொன்னாள்.

"தாங்காம?" என்றார் அவர். கண்ணைத் துடைப்பதற்காக வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

பாப்பா இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் வரை வந்து, அவளைத் தாண்டி இரண்டு அடி நடந்து, நின்றாள். திரும்பவில்லை.

"வர்றீங்களா, நான் போகட்டுமா?" என்றாள்.

"இரு, வந்துடறேன்," என்று அவள் கையிலிருந்த மாவைத் தட்டினாள்.